தெருவுக்குத் தெரிந்து, எதிரணிக்குத் தெரியாமல்

கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் இருக்கிறார்களாம். ஆளுக்கொரு நெர்ஃப் துப்பாக்கியும் இருக்கிறது, ஸ்பாஞ்சு குண்டு போடுவது. மொட்டை மாடியில் சுட்டுச் சுட்டு அலுத்துவிட்டது. இனி அணி பிரித்துக்கொண்டு, ஊர்த் தெருக்களிலேயே பதுங்கி நடந்து ஆட வேண்டும் என்று ஆசை. எப்படி ஆடுவது, எந்தத் துப்பாக்கி சரி, போலீஸ் பிடித்துக்கொண்டு போகுமா, தங்கையும் அவள் தோழிகளும் சேர்ந்துகொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

ஆடலாம். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் என்று இந்தப் பக்கத்து ஊர்களில் நானும் நண்பர்களும் பல வருடங்களாக ஆடி வருகிறோம். நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எதிரணியிடமிருந்து மறையுங்கள், தெருவிடமிருந்து எதையும் மறைக்காதீர்கள். முக்கில் இருக்கும் டீக்கடைக்காரர், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, காவல் நிலையத்தில் இருக்கும் எழுத்தர் ஆகிய அனைவருக்கும் நீங்கள் யார், என்ன ஆடுகிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியக் கூடாதது எதிரே ஆடும் ஆறு பேருக்கு மட்டும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், யாரிடமும் சொல்லாமல் ஆடப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திருட்டுப் பயம் இருக்கும் தெருவில் அறிமுகமில்லாத நாலு பையன்கள் சுவரோரம் பதுங்கினால் பத்து நிமிடத்தில் தெருவே கூடிவிடும். அப்போது கையில் இருப்பது பொம்மை என்று விளக்குவதற்கு அவகாசம் கிடைக்காது.

ஆகவே முதல் வேலை மனு எழுதுவது. ஒரே தாளில் தேதி, நேரம், எந்தெந்தத் தெருக்கள், ஆடுகிறவர்கள் பெயர், பெரியவர் ஒருவரின் கைபேசி எண், பொம்மைத் துப்பாக்கியின் வண்ணப் படம் ஆகியவற்றைச் சேர்த்து அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். ஒரு துப்பாக்கியைக் கையோடு எடுத்துப் போய் மேசையில் வைத்துக் காட்டுங்கள். பார்த்த பிறகு பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு விட்டுவிட வேண்டும். கல்லூரி மைதானம், தென்னந்தோப்பு, விடுமுறை நாளில் காலியாக இருக்கும் கல்யாண மண்டபம் என்று வேறு இடங்கள் இருக்கின்றன. அனுமதி கிடைத்தாலும் தேர்தல் நேரத்தில் வேண்டாம், தடை உத்தரவு இருக்கும் நாட்களில் வேண்டாம், கோயில் திருவிழா நாட்களிலும் வேண்டாம். வங்கி, நகைக்கடை, ஏ.டி.எம்., நீதிமன்றம், பள்ளிக்கூடம், ரயில் நிலையம் இவற்றின் வாசலில் துப்பாக்கி பையை விட்டு வெளியே வரவே கூடாது. தஞ்சைப் பெரிய கோயில், ஸ்ரீரங்கம் போன்ற இடங்களில் எப்போதும் போலீஸ் காவல் உண்டு. அந்தச் சுற்றுவட்டாரத்தையே விட்டுவிடுங்கள்.

துப்பாக்கியின் நிறத்தை மாற்றவே மாற்றாதீர்கள். ஆரஞ்சு, நீலம், பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் அது வருவதே நூறடி தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கும் பொம்மை என்று தெரிவதற்காக. கறுப்புப் பெயின்ட் அடித்து நிஜம் போலக் காட்டும் ஆசை சில பையன்களுக்கு வரும். அப்படி ஒருவர் வந்தால் அன்றைய ஆட்டத்தில் அவருக்கு இடம் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில் உள்ள கௌச்சர் கல்லூரியில் 2005-ல் மாணவர்கள் தொடங்கிய ‘மனிதர்களும் ஸாம்பிகளும்’ என்ற ஆட்டம் பிறகு பல நாட்டுக் கல்லூரிகளுக்குப் பரவியது. நாள் கணக்கில், வளாகம் முழுக்க, நெர்ஃப் துப்பாக்கியோடு ஆடுவது அது. நிஜத் துப்பாக்கி போலத் தோன்றும் எதற்கும் இடமில்லை, வகுப்பறைக் கட்டடங்களுக்குள் சுடுவது இல்லை என்று அவர்கள் விதி வைத்துக்கொண்டார்கள். இந்த இரண்டையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கண். ஸ்பாஞ்சுதானே என்ற நினைப்பு வேண்டாம். லண்டனில் உள்ள மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2017-ல், நெர்ஃப் குண்டு கண்ணில் பட்டு உள்ளே இரத்தம் கசிந்த மூன்று பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒருவர் 11 வயதுச் சிறுவன். இரும்புக் கடைகளில் கிரைண்டிங் வேலைக்கு விற்கும் தெளிவான பாதுகாப்புக் கண்ணாடி ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். பவர் கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதன் மேலேயே போட்டுக்கொள்ளும் அகலமான வகையும் கிடைக்கிறது. கண்ணாடி இல்லாதவர் நடுவராக இருக்கட்டும், சுட வேண்டாம். கழுத்துக்கு மேலே குறி வைக்கக் கூடாது. ஆறடிக்குள் ஆள் வந்துவிட்டால் சுடவே வேண்டியதில்லை, தோளைத் தொட்டு “பிடித்தேன்” என்றால் போதும். திருவிழாக் கடையில் விற்கிறார்களே, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உருண்டை போடும் கறுப்புத் துப்பாக்கி, அதை யாரும் கொண்டுவரக் கூடாது. கடினமான அந்த உருண்டை கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு வருகிறேன். நெர்ஃப் என்பது 1970-ல் வீட்டுக்குள் எறிந்து ஆடுவதற்கான ஸ்பாஞ்சுப் பந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. குண்டு போடும் துப்பாக்கி அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. இன்றைக்குக் கிடைப்பவற்றில் இரண்டு வகை முக்கியம். ஒன்று ஸ்பிரிங் வகை. கைப்பிடியை இழுத்தால் உள்ளே பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங் அமுங்கும். விசையைத் தட்டினால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றைத் தள்ளும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும். இன்னொன்று மோட்டார் வகை. பேட்டரியில் ஓடும் இரண்டு சக்கரங்கள் எதிரெதிராகச் சுழன்று, நடுவில் வரும் குண்டைப் பற்றி வெளியே வீசும். மோட்டார் வகை படபடவென்று சுடும், பார்க்கவும் பிரமாதமாக இருக்கும். ஆனால் சக்கரம் வேகம் எடுக்க ஒரு நொடி பிடிக்கும், அந்த ஒரு நொடியும் ‘ஙீ’ என்று கத்தும். விடியற்காலைத் தெருவில் அந்தச் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். பதுங்கி ஆடும் ஆட்டத்துக்கு அது ஆகாது.

ஸ்பிரிங் வகையிலும் பெரியது வேண்டாம். ஜோல்ட் என்று ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அளவு, ஒரே ஒரு குண்டு போடும். கீழே இருக்கும் பிடியை இழுத்தால் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதையும் நடக்கத் தொடங்கும் முன்பே இழுத்துவிட்டால் சுடும் வரை சத்தமே இல்லை. பேண்ட் பையிலும் அடங்கும், மஞ்சப்பையிலும் அடங்கும். ஒரே குண்டுதான் என்பதால் ஆட்டத்தின் தன்மையே மாறிவிடுகிறது. பத்துக் குண்டு இருந்தால் ஆள் தூரத்தில் தெரிந்ததுமே சுடத் தோன்றும். ஒன்றுதான் என்றால் கிட்டத்தில் போக வேண்டும், காத்திருக்க வேண்டும். எங்கள் ஆட்டங்களில் மிக நன்றாக அமைந்தவை எல்லாம் ஆளுக்கு ஒரு குண்டு வைத்து ஆடியவைதான்.

குண்டின் இயல்பையும் தெரிந்துகொள்ளுங்கள். எலைட் வகைக் குண்டு ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம், அரை அங்குலத் தடிமன், ஒரு கிராம் எடை. குழலை விட்டு நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் கிளம்பும். பெட்டியில் 27 மீட்டர் போகும் என்று போட்டிருப்பார்கள். அது வானத்தைப் பார்த்துச் சாய்த்துச் சுட்டால் கிடைக்கும் தூரம். நேராகச் சுட்டால் எட்டுப் பத்து மீட்டருக்குள்தான் நம்பலாம். பத்து மீட்டர் தூரத்தில் நிற்பவரை அது எட்டுவதற்கு அரை நொடிக்கு மேல் ஆகிவிடும், ‘டப்’ என்ற சத்தம் அதற்கு முன்பே அவர் காதுக்குப் போய்விடும். கவனமாக இருப்பவர் ஒரு எட்டு விலகிவிடுவார், குண்டு அவர் சட்டையை உரசிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் விழும். ஒரு கிராம் குண்டு என்பதால் ஆனி ஆடிக் காற்றில் குறி வைப்பதே வீண். மார்கழிப் பனியில் குண்டு ஈரமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை நல்ல காலம்.

இனி ஊர். இந்த ஆட்டத்துக்கு நம் டெல்டா ஊர்களைப் போல அமைந்த ஊர்கள் அபூர்வம் என்பது என் கருத்து. கோயிலை நடுவில் வைத்து நாலு பக்கமும் வீதி. வீதிக்கு வீதி சந்து. வீட்டுக்கு முன்னால் திண்ணை, பின்னால் கொல்லை. ஊருக்கு ஒரு பக்கம் ஆறு. கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. ஆட்டத்தின் எல்லையை நீங்கள் போட வேண்டியதே இல்லை, ஆறே போட்டுவிட்டது. தஞ்சாவூரில் அரண்மனையைச் சுற்றி கீழ ராஜ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. மன்னார்குடி, மாயவரம், திருவாரூர் எல்லாம் இதே அமைப்புதான். ஆழித் தேர் ஓடும் திருவாரூர் வீதிகள் நல்ல அகலம். ஒரு பக்கத்துத் திண்ணையிலிருந்து எதிர்ப்பக்கம் போகிறவரைச் சுட்டால் குண்டு பாதி தெருவில் தளர்ந்துவிடும். அங்கே வேறு மாதிரி ஆட வேண்டும்.

நாற்சதுர வீதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதி ஆட்டம் கைக்கு வந்துவிடும். ஒரு முக்கில் நிற்கிறவருக்கு இரண்டு வீதிகள் தெரியும். ஈசானிய (வடகிழக்கு) முக்கில் ஒருவர், நேர் எதிரே நிருதி (தென்மேற்கு) முக்கில் ஒருவர் நின்றால் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நாலு வீதியும் இரண்டே பேரின் கண்ணுக்குள் வந்துவிடும். ஆறு பேர் அணியில் இரண்டு பேரை இப்படி நிறுத்திவிட்டால் வீதி வழியாக யாரும் கண்ணில் படாமல் போக முடியாது. மிச்சம் நாலு பேர் சந்துகளைப் பார்த்துக்கொள்ளலாம். இது காவல் காக்கும் அணிக்குப் பெரிய பலம்.

அதே ஏற்பாட்டில் ஓட்டையும் இருக்கிறது. முக்கில் நிற்கிறவருக்கு நூறு மீட்டர் தூரத்தில் போகிற ஆள் தெரிந்தாலும் அவர் கையில் இருப்பது எட்டு மீட்டர் துப்பாக்கி. ஓடக் கூடாது என்பது நம் விதி (ஏன் என்று பிறகு சொல்கிறேன்). முக்கில் நிற்கிறவர் நடந்து வருவதற்குள் அந்த ஆள் அடுத்த சந்தில் நுழைந்திருப்பார். மேலும் வீதியில் எப்போதும் ஏதாவது ஒன்று கண்ணை மறைக்கும்: ஒரு டவுன் பஸ் திரும்பும், பால்காரரின் வண்டி நிற்கும், டியூஷன் விட்டு முப்பது பிள்ளைகள் சைக்கிளில் மொத்தமாக வருவார்கள். அந்தச் சில நொடிகளுக்காகச் சந்து வாயில் பத்து நிமிடம் காத்திருக்கத் தெரிந்தவர்தான் இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரர். தேர்முட்டியின் நிழலில் நிற்பதைவிட, பெட்டிக்கடையில் வாழைப்பழம் உரித்துக்கொண்டு நிற்பது நல்ல மறைவு. பதுங்குகிறவரை எல்லாரும் பார்ப்பார்கள், பழம் தின்கிறவரை யாரும் பார்ப்பதில்லை.

கும்பகோணம் பெரிய கடைத்தெரு மாதிரி எந்நேரமும் ஜனம் நிற்கும் கடைவீதி ஒன்று உங்கள் எல்லைக்குள் வந்தால், அதை அமைதித் தெரு என்று அறிவித்துவிடுங்கள். நடந்து போகலாம், நிற்கலாம், துப்பாக்கியைத் தொடக் கூடாது. கூட்டத்தில் குழந்தை மேல் பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதியை வைத்தோம். பிறகு பார்த்தால் ஆட்டத்தின் உயிரே அந்தத் தெருவில் இருந்தது. துரத்தப்படுகிறவர் அதற்குள் நுழைந்துவிட்டால் பிழைத்தார், ஆனால் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? எத்தனை சந்து அதிலிருந்து பிரிகிறது, எதில் வருவார் என்று எதிரணி கணக்குப் போடும். உள்ளே இருப்பவர் பாத்திரக் கடையில் குத்துவிளக்கு விலை கேட்டுக்கொண்டே அவர்கள் கணக்கைக் கணக்குப் போடுவார்.

எந்த ஆட்டம் ஆடுவது? ஆளை ஆள் சுட்டுத் தீர்க்கும் ஆட்டம் தெருவுக்குச் சரிப்படாது, கால் மணி நேரத்தில் சண்டைக்காடாகிவிடும். கொடி பறிக்கும் ஆட்டம் மைதானத்துக்கு நல்லது. தெருவுக்கு நான் சொல்வது தபால் ஆட்டம். ஒரு அணி தபால் அணி, இன்னொன்று காவல் அணி. தபால் அணியின் கையில் ஒரு கடிதம், நாலாக மடித்த சாதாரணத் தாள். ஈசானிய முக்கில் ஆரம்பித்து, ஒரு மணி நேரத்துக்குள் நிருதி முக்கில் உட்கார்ந்திருக்கும் நடுவர் கையில் அதைச் சேர்க்க வேண்டும். ஆறு பேரில் யாரிடம் கடிதம் இருக்கிறது என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வழியில் கை மாற்றலாம், ஆனால் கையிலிருந்து கையில்தான் கொடுக்க வேண்டும், எங்கேயும் ஒளித்து வைக்கக் கூடாது. குண்டு பட்டவர் “பட்டது” என்று சொல்லிவிட்டு, கடிதம் வைத்திருந்தால் சுட்டவரிடம் கொடுத்துவிட வேண்டும், அதோடு ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் வெறும் கையை விரித்துக் காட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட வேண்டும். தபால் அணியும் சுடலாம், காவலில் ஒருவர் குறைந்தால் ஒரு சந்து திறக்கும்.

இதில் ஆறு பேரும் கடிதம் வைத்திருப்பவர் போலவே நடக்க வேண்டும், கடிதம் வைத்திருப்பவர் வைத்திருக்காதவர் போல நடக்க வேண்டும். சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறவரைக் காவல் அணி ஐம்பதடியில் கண்டுபிடித்துவிடும். நல்ல அணி இதையே பொறியாக்கும்: வெறும் பையை அடிக்கடி தொட்டுக்கொண்டு ஒருவர் கிழக்கு வீதியில் போவார், காவலில் மூன்று பேர் அவர் பின்னால் போவார்கள், கடிதம் கொல்லைப்புறச் சந்து வழியாக மேற்கே போய்ச் சேர்ந்திருக்கும். கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். கோட்டில் நிற்கிறவரின் கண்ணை ஒருவர் இழுத்துப் பிடித்திருக்கும்போது இன்னொருவர் தாண்டுவதுதான் இரண்டிலும் வேலை.

இப்போது ஓடக் கூடாது என்ற விதி. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். சந்திலிருந்து வீதிக்கு ஓடி வருகிறவரின் மீது இருசக்கர வண்டி மோதுவதற்கு ஒரு நொடி போதும். வயதானவர்கள் நடமாடும் தெருவில் ஓடுகிற இளைஞர் ஒரு ஆபத்து. ஓட்டம் நின்றால் இன்னொன்றும் நடக்கிறது. வேகம் உள்ளவர்தான் வெல்வார் என்பது போய், பொறுமையும் யோசனையும் உள்ளவர் வெல்கிறார். நாற்பது வயதுக்காரரும் கல்லூரிப் பையனும் சமமாகிவிடுகிறார்கள். ஓடினால் குண்டு பட்டதாகவே கணக்கு. நடுவர் பார்த்தாலும் சரி, எதிரணி பார்த்தாலும் சரி.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் பட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டமிழந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. யார் வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளும் நுழையக் கூடாது, திண்ணையில் உட்காரக் கேட்டுவிட்டு உட்கார வேண்டும். கோலத்தை மிதிக்கக் கூடாது. படித்துறை ஆட்டத்துக்கு வெளியே. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் சில நாட்களில் கல்லணை தாண்டி நம் ஆறுகளில் தண்ணீர் வந்துவிடும், பாசி பிடித்த படியில் பின்னால் பார்த்துக்கொண்டே இறங்குகிறவர் தண்ணீரில்தான் இருப்பார். கோடையில் ஆறு மணலாகக் கிடந்தாலும் இந்த விதியை மாற்ற வேண்டாம், பழக்கம் கெட்டுவிடும். திண்ணையில் இருப்பவர்களிடம் “இந்தப் பக்கம் யாராவது போனார்களா” என்று கேட்கக் கூடாது. கேட்காமலே அவர்கள் சொல்லிவிடுவார்கள், அதைத் தடுக்க எந்த விதியாலும் முடியாது.

உடை விஷயம். ராணுவ நிறத்தில் புள்ளி போட்ட சட்டை, முகமூடி, தலையில் தொப்பி, இவை எல்லாம் சந்தேகத்தைத்தான் கொண்டுவரும், மறைவைத் தராது. உங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்கள் என்ன உடுத்தியிருப்பார்களோ அதுதான் உங்கள் உடை. எல்லா ஆட்டக்காரர்களும், இரு அணியும், இடது கையில் ஒரே நிறத் துணி கட்டிக்கொள்ளுங்கள். அது தெருவுக்காக. யாராவது கேட்டால் கடைக்காரரே “மஞ்சள் துணி கட்டின பிள்ளைகள் விளையாடுகிறார்கள்” என்று சொல்லிவிடுவார். ரப்பர் செருப்பு வேண்டாம், சந்துச் சுவர்களுக்கு நடுவில் அது அடிக்கும் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கும். கைபேசி அணிக்கு ஒன்று, அவசரத்துக்கு மட்டும். குழுவில் செய்தி அனுப்பி அனுப்பி ஆடினால் எல்லாரும் குனிந்த தலையோடு நிற்பார்கள். எங்களுக்குத் துண்டு போதுமானதாக இருக்கிறது: இடது தோளில் துண்டு கிடந்தால் வழி சுத்தம், வலது தோளில் கிடந்தால் வராதே, கையில் சுருட்டியிருந்தால் கடிதத்தை இப்போது வாங்கிக்கொள்.

நாய்களை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டம் உண்டு. சீராக நடந்து போகிறவரை ஒரு முறை பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். தயங்கி நிற்கிறவரை, சுவரை ஒட்டிக் குனிகிறவரைப் பார்த்தால் குரைக்கும், ஒன்று குரைத்தால் அடுத்த தெருவும் சேர்ந்துகொள்ளும். எதிரணிக்கு நீங்கள் இருக்கும் இடம் அப்போதே தெரிந்துவிடும். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வாரம் அதே தெருக்களில் அதே நேரத்தில் நடந்து பழகுங்கள். கடி பட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு ஆட்கள் வேறு, ஒரு தெருப் பையன் இன்னொரு தெருவில் சும்மா நின்றாலே “யார் வீட்டுப் பிள்ளை” என்று கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சில இடங்களில் அந்தக் கேள்வி சாதாரணமாக முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். அதற்காக ஒரே தெரு ஆட்களை மட்டும் சேர்த்துக்கொண்டு ஆடாதீர்கள். எந்தெந்தத் தெருக்கள் ஆட்டத்தில் வருகின்றனவோ அந்தந்தத் தெருவிலிருந்து ஒருவராவது ஆட்டத்தில் இருக்கட்டும், இரண்டு அணியிலும் கலந்து இருக்கட்டும். முதல் நாள் சாயங்காலம் எல்லாருமாகச் சேர்ந்து எல்லாத் தெருக்களிலும் நடந்து, வீட்டு வாசலில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தத் தெருப் பையனே பக்கத்தில் நின்று “பாட்டி, இவன் என் சிநேகிதன், நாளைக்கு இங்கே விளையாடுவோம்” என்று சொன்னால், மறுநாள் நீங்கள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொள்ளலாம், தண்ணீர் கேட்டால் மோரே வரும். காவிரிக் கரையில் இந்த ஆட்டத்தை நான் இத்தனை விரும்புவதற்குப் பெரிய காரணமே இந்த முதல் நாள் நடைதான்.

நேரம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரை. வெளிச்சம் வந்துவிடும், வெயில் இருக்காது, கடைகள் பாதி திறந்திருக்கும். மத்தியானம் தெரு காலியாக இருக்கும் என்று நினைப்பீர்கள். காலித் தெருவில் மறைவதற்கு எதுவும் கிடையாது.

ஆட்டம் முடிந்ததும் குண்டுகளை எண்ணுங்கள். ஆளுக்கு ஒன்று என்றால் எண்ணுவது சுலபம். ஒவ்வொன்றிலும் பேனாவால் அவரவர் எழுத்தைப் போட்டு வையுங்கள். ஒன்று குறைந்தாலும் எல்லாரும் போய்த் தேட வேண்டும். தெருவில் கிடக்கும் ஸ்பாஞ்சைத் தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், மாடு தின்னும். சாக்கடையில் விழுந்தால் மிதந்து வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் யாருடைய வயலுக்கோ போகும்.

தங்கையும் தோழிகளும் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. வீட்டில் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு இரண்டு பேராக நடக்கட்டும், அவ்வளவே நிபந்தனை. நடுவர் வேலையைக் கொடுத்து உட்கார வைத்துவிடாதீர்கள். காலையில் பூக்குடலையோடு கோயிலுக்குப் போகும் இரண்டு பெண்களைக் காவல் அணி தடுத்து நிறுத்தாது. பையன்கள் பையன்களையே தேடிக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஊரில் தபால் அணி வென்ற ஆட்டங்களில் கடிதம் பெரும்பாலும் அப்படித்தான் போயிருக்கிறது. கொலுசை மட்டும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.